வெப்சைட் செய்தவர் போய்விட்டார், நோட்டீஸ் என் பெயருக்கு வந்தது

ஆன்லைனில் சின்னதாகக் கடை போட்டிருக்கிற நம்ம பக்கத்து ஆட்கள் இதைப் படித்துவிடுங்கள், முக்கியமாக வெப்சைட்டை யாரிடமாவது கொடுத்துவிட்டு "அவர் பார்த்துக்கொள்வார்" என்று இருக்கிறவர்கள்.

நான் பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே பத்தமடைப் பாயும் கருப்பட்டியும் விற்கிறேன். இரண்டு வருடம் வாட்ஸப்பிலேயே வியாபாரம் ஓடியது. அப்புறம் ஆசை வந்து, ஜங்ஷன் பக்கம் ஆபீஸ் வைத்திருந்த ஒரு தம்பியிடம் 22,000 ரூபாய் கொடுத்து வெப்சைட் செய்யச் சொன்னேன். படம் எடுக்க என்றைக்கு வருகிறீர்கள் என்று கேட்டதற்கு, "எதுக்குக்கா அலையணும், எல்லாம் எங்கிட்ட இருக்கு, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். எனக்கும் சோம்பல், சரி என்று விட்டுவிட்டேன்.

அவர் போட்ட படங்கள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் முகப்பில் இருந்த பாய் பத்தமடைப் பாயே இல்லை. எங்கள் பட்டுப்பாய்க்குக் கோரையை அவ்வளவு மெல்லிசாகக் கிழிப்பார்கள், துணி மாதிரி மடிக்கலாம். படத்தில் இருந்தது தடித்த பின்னல், கல்யாணப் பந்தலில் விரிக்கிற ரகம். அது மட்டுமில்லை, படத்தின் கீழ் ஓரத்தில் வெள்ளையாக மங்கலான இரண்டரை எழுத்து. ஏதோ டிசைன் என்று நினைத்தேன். படத்தின் சொந்தக்காரர் தன் பெயரைப் பதித்து வைக்கிற வாட்டர்மார்க், வெட்டியது போக மிச்சமிருந்தது அது.

வெப்சைட் போட்ட எட்டாவது மாதம் ஈமெயிலில் ஒன்று, பதிவுத் தபாலில் ஒன்று என நோட்டீஸ் வந்தது. மூன்று படங்களை அனுமதி இல்லாமல் போட்டதற்கு, படம் எடுத்தவர் தரப்பில் 1,35,000 ரூபாய் கேட்டிருந்தார்கள். மோசடி மெயிலோ என்று முதலில் சந்தேகப்பட்டேன், அப்படியும் வருகிறது என்பதால். ஆனால் அதில் ஒவ்வொரு படத்தின் அசலும், என் தளத்தில் அது இருந்த பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டும், தேதியும் இருந்தன. தம்பிக்கு போன் போட்டேன். "கூகுள்ல இருந்ததுதானக்கா, யாரும் கேட்க மாட்டாங்க" என்றார். அடுத்த நாளிலிருந்து எடுக்கவில்லை. ஆபீஸ் வாசலில் வேறு கடை போர்டு தொங்குகிறது.

வக்கீலிடம் போனபோது நான் நம்பியிருந்தது ஒவ்வொன்றாக உடைந்தது. படத்தைப் போட்டது யாராக இருந்தாலும், கடை என் பெயரில் இருப்பதால் கேள்வி என்னிடம்தான் வரும். எனக்குத் தெரியாது என்று சொல்லலாமா என்றால், 1957 காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 55ஆம் பிரிவு அதற்குக் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. ஆனால் காப்புரிமை இருக்கிறது என்று நினைக்கக் காரணமே இருந்திருக்கக் கூடாது, அதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். அந்த இரண்டரை எழுத்தைக் காட்டி, "இத வச்சுக்கிட்டு எப்படிம்மா தெரியாதும்பீங்க?" என்று கேட்டார். தெரிந்தே செய்தால் 63ஆம் பிரிவு: 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, கோர்ட் பார்த்து விட்டால்தான் ஜாமீன் கிடைக்கிற குற்றம் அது என்று உச்ச நீதிமன்றமே 2022இல் சொல்லியிருக்கிறது. அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை.

பேசிப்பேசி 48,000க்கு முடிந்தது, வக்கீல் பீஸ் தனி. படம் எடுத்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அது அவர் பிழைப்பு.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. ஆள் வைத்துக் காசு கொடுத்து நாமே போட்டோ எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் உரிமை நமக்குத்தான். மற்றபடி லோகோ, எழுதிக் கொடுத்த விளம்பரம் இதெல்லாம் வாய்ப்பேச்சில் கைமாறாது, எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று அதில் எழுதாவிட்டால் 5 வருடம்தான் என்கிறது 19ஆம் பிரிவு. படம் விற்கிற தளங்களில் 'ராயல்டி ஃப்ரீ' என்று போட்டிருந்தால் இலவசம் என்று நினைத்திருந்தேன், அதுவும் தப்பு. ஒருமுறை காசு கட்டி, அவர்கள் சொன்ன நிபந்தனைப்படி பயன்படுத்துவது. காசு கட்டியிருக்கிறேன் என்று யாராவது சொன்னால், உங்கள் பெயரில் ரசீதைக் கேளுங்கள். ரீல்ஸில் சினிமாப் பாட்டு போட்டுச் சரக்கு விற்கிறவர்களுக்கும் இதே கதைதான், சொந்தக் கணக்கில் கிடைக்கிற பாட்டெல்லாம் வியாபாரத்துக்கு அனுமதி உள்ளது இல்லை.

இப்போது பத்தமடைக்கு நானே பஸ்ஸில் போய், பாய் முடைகிற அம்மாவின் திண்ணையில் வைத்து போனில் எடுக்கிறேன். கொஞ்சம் கோணலாகத்தான் வருகிறது.

அந்தத் தம்பி செய்து கொடுத்த இன்னொரு கடையின் தளத்தை நேற்றுப் பார்த்தேன், அதே பாய் படம். கடைக்காரரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "பாத்துக்கிடுவோம்க்கா" என்றார். இன்றைக்குக் காலையிலும் படம் அங்கேயே இருக்கிறது.