கேமுக்குப் போன் படங்கள்: கும்பகோணத்திலிருந்து ஓர் அனுபவம்

கேம் உருவாக்க உதவும் கோடோ (Godot) மென்பொருளில் பொழுதுபோக்காகச் சிறு கேம்களை உருவாக்கி வரும் எனக்கு ஓவியம் கைவராது. ஆகவே சுவர், திண்ணை, ஓட்டுக்கூரை, படித்துறை என அனைத்தையும் போனில் எடுத்த படங்களைக் கொண்டே சில ஆண்டுகளாக அமைத்து வருகிறேன். இந்த உத்தி புதிதன்று, 1992இல் வெளிவந்த மார்ட்டல் காம்பட் என்ற சண்டை கேமில் நடிகர்களைப் படம்பிடித்துத்தான் சண்டையிடும் உருவங்களை அமைத்தார்கள்.

என் அனுபவத்தில் பலனைத் தீர்மானிப்பது வெளிச்சம்தான். மெகாபிக்சல் கணக்கெல்லாம் அதற்குப் பிறகே. சித்திரை வெயிலில் எடுத்த காரைச் சுவரில் ஓட்டு விளிம்பின் நிழல் கன்னங்கரேலென்று விழுந்திருக்கும். அதைக் கேமின் இரவுக் காட்சியில் ஒட்டினால், விளக்கு எந்தப் பக்கம் எரிந்தாலும் அந்தப் பகல் நிழல் இம்மியும் நகராது. ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக் கிடக்கும் முற்பகலில் அதே சுவரை நேரெதிரே நின்று எடுத்தால், ஒளி சமமாகப் பரவி, காரை பெயர்ந்த இடத்துச் செங்கல்லின் நிறம் உள்ளபடியே கிடைக்கிறது. அடைமழைக்கு நடுவே மழை விடும் அந்த ஓரிரு மணி நேரத்தை நான் வீணாக்குவதில்லை.

ஒரே படத்தை அடுத்தடுத்து ஒட்டும்போது இணைப்பு தெரியாமலிருக்க, கிம்ப் (GIMP) என்னும் படத்தொகுப்பு மென்பொருளில் படத்தைப் பாதியளவு நகர்த்தி, விளிம்புகளை நடுவுக்குக் கொண்டுவந்து, அங்கே தெரியும் கோட்டை, படத்தின் ஒரு பகுதியை நகலெடுத்து வேறிடத்தில் பூசும் குளோன் கருவியால் அழிக்க வேண்டும். சுவரில் எடுப்பாகத் தெரியும் சுண்ணாம்புக் கறையையோ கிழிந்த சுவரொட்டியையோ அப்போதே நீக்கிவிடுவது நல்லது. தெரு நெடுக அதே கறை திரும்பத் திரும்ப வந்தால், ஆடுபவர் இரண்டாவது வீட்டிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

அளவைக் குறைப்பதில் தயக்கமே வேண்டாம். 4000×3000 பிக்சல் படம் போனில் சில மெகாபைட் கோப்பாகவே இருந்தாலும், பிக்சலுக்கு 4 பைட் வீதம் விரிந்து நினைவகத்தில் ஏறும்போது ஏறத்தாழ 48 மெகாபைட் பிடிக்கும்; 1024×1024 ஆக்கினால் 4 மெகாபைட்டில் முடிந்துவிடும். அதோடு எல்லாப் படங்களையும் ஒரே 32 நிறங்களுக்குள் அடக்கினால், வெவ்வேறு போன்களில் எடுத்தவைகூட ஓரளவு ஒரே ஊராகத் தெரிகின்றன.

தென்னை மரத்தை மட்டும் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கீற்றுகளின் இடுக்கிலெல்லாம் வானம் தெரிவதால், பின்னணியை நீக்கியபின்பும் ஓரங்களில் வெள்ளை விளிம்பு ஒட்டிக்கொண்டே நிற்கிறது. வாழை அவ்வளவு படுத்துவதில்லை.

மிகுந்த நிறைவு தந்தது காவிரிப் படித்துறைதான். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது மரபு. தண்ணீர் இங்கு வந்துசேரச் சில நாட்கள் பிடிக்கும். ஆறு மணலாகக் கிடக்கும்போது ஒன்றும், நுரையோடு தண்ணீர் வந்தபின் ஒன்றுமாக, அதே படியில் அதே உயரத்தில் கேமராவை நிறுத்தி எடுத்துவிட்டால், கேமில் பருவம் மாறுவதற்கு ஒரு படத்தை மங்கச் செய்து மற்றதைக் கொண்டுவருவதே போதுமானது. இரண்டுக்கும் வொயிட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்துக்கேற்ப நிறங்களைச் சரிசெய்யும் கேமரா அமைப்பை, கையால் ஒரே அளவில் வைத்துக்கொள்ள வேண்டும். தானாக விட்டால், கலங்கிய புதுத் தண்ணீரைக் கண்டதும் போன் படிக்கல்லின் நிறத்தையும் சேர்த்து மாற்றிவிடுகிறது.