சிஎஸ்இ 167எக்ஸ்: பி.இ. முடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டிய கிராஃபிக்ஸ் கோர்ஸ்

கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் படிக்க ஆசைப்படுகிற பிளஸ் டூ பிள்ளைகள் கவுன்சலிங் சமயத்தில் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: இதற்கென்று தனி டிகிரி இருக்கிறதா, எந்தக் காலேஜில் சேர்வது? கேரக்டர் அனிமேஷன் செய்ய வேண்டும், போஸ்டர் வடிவமைக்க வேண்டும், எடிட்டிங் பழக வேண்டும் என்றால் விஸ்காம், பி.எஸ்சி. அனிமேஷன் என்று வேறு வழிகள் இருக்கின்றன, இந்த ரிவ்யூ உங்களுக்கு உதவாது. ஆனால் படத்தை உண்டாக்குகிற மென்பொருளையே எழுத வேண்டும், கேம் எஞ்சின், சினிமாவுக்கான ரெண்டரர் (காட்சியின் விவரங்களைக் கணக்கிட்டுப் படமாக்கும் மென்பொருள்), சி.டி. ஸ்கேனை முப்பரிமாணத்தில் காட்டும் புரோகிராம், இந்த மாதிரி இடங்களில் வேலை பார்க்க வேண்டும் என்றால் பேசாமல் சிஎஸ்இ-யில் சேருங்கள். பிரிட்டனில் போர்ன்மவுத் பல்கலைக்கழகம் போல இளங்கலையிலேயே கம்ப்யூட்டர் அனிமேஷனுக்குத் தனி மையம் வைத்திருப்பவர்கள் உண்டு, செலவைத் தாங்க முடிந்தவர்கள் அதைப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இங்கேயே பி.இ. படியுங்கள், மூன்றாம் வருடம் முடிவதற்குள் எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகம் தரும் சிஎஸ்இ 167எக்ஸ் கோர்ஸை முடித்துவிடுங்கள். அங்கே பி.எஸ். மாணவர்களுக்கு வகுப்பில் நடத்தும் சிஎஸ்இ 167-இன் ஆன்லைன் வடிவம் இது.

ஏன் இது தேவைப்படுகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் படித்த காலேஜில் (பெயர் வேண்டாம், பல காலேஜ்களில் நிலைமை இதுதான்) கிராஃபிக்ஸ் ஒரே ஒரு பேப்பர். லேபில் டாஸ்பாக்ஸுக்குள் (பழைய டாஸ் புரோகிராம்களை ஓட்டும் மென்பொருள்) டர்போ சி என்ற பழைய கம்பைலர், அதில் கிராஃபிக்ஸ்.எச் என்ற வரையும் லைப்ரரி, அதைத் தொடங்கிவைக்கும் இனிட்கிராஃபுக்குள் பிஜிஐ ஃபோல்டரின் பாதையைச் சரியாகக் கொடுத்தால் 640-க்கு 480 திரையில் 16 கலர் கிடைக்கும், அவ்வளவுதான். கோடு போடும் டிடிஏ, பிரசன்ஹாம், வட்டம் போடும் மிட்பாயின்ட், திரைக்கு வெளியே போவதை வெட்டும் கோஹன் சதர்லண்ட் கிளிப்பிங், எல்லா அல்காரிதத்தையும் ரெகார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியாக வேண்டும். தேர்வில் பிரசன்ஹாமுக்கு டேபிள் போட்டால் பெரிய மதிப்பெண் உறுதி. பிரசன்ஹாம் அல்காரிதத்தை நான் குறை சொல்லவே மாட்டேன், 1962-இல் ஐபிஎம்மில் இருந்தபோது பிளாட்டர் (பேனாவால் தாளில் வரையும் இயந்திரம்) ஒன்றை ஓட்டுவதற்காக அவர் உருவாக்கியது அது, தசமப் புள்ளியே இல்லாமல் முழு எண்களைக் கூட்டிக் கழித்தே கோடு போட்டுவிடும், இன்று படித்தாலும் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பேப்பர் அந்த டேபிளோடு நின்றுவிடுகிறது. செமஸ்டர் முழுக்கப் படித்துவிட்டு, ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலுமாக ஓர் உருண்டையைக்கூடச் சொந்த கோடில் திரைக்குக் கொண்டுவராமல் பாஸாகிவிட முடிகிறது. கிராஃபிக்ஸில் ஆசை உள்ள ஒரு மாணவனுக்கு இது பெரிய நஷ்டம். ஒரு கிராஃபிக்ஸ் கோர்ஸ் நல்லதா என்று பார்க்க நான் கேட்பது ஒன்றே ஒன்று: முடிக்கும்போது நீ எழுதிய கோடிலிருந்து ஒரு படம் வெளியே வந்ததா?

சிஎஸ்இ 167எக்ஸில் வருகிறது. நடத்துபவர் ரவி ராமமூர்த்தி. 2012-இல் அதே பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இருந்தபோது இதே பாடத்தை எட்எக்ஸில் முதலில் கொண்டுவந்தார், பிறகு சான் டியாகோவுக்கு மாறியதும் கோர்ஸும் அவரோடு மாறியது. ஸ்டான்ஃபோர்டில் பாட் ஹன்ராஹனிடம் முனைவர் பட்டம் வாங்கியவர் (கம்ப்யூட்டர் துறையின் உயரிய விருதான டூரிங் விருதை 2019-க்கு, பிக்ஸார் நிறுவனர்களில் ஒருவரான எட் கேட்மல்லோடு பகிர்ந்துகொண்டாரே, அதே ஹன்ராஹன்தான்). இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இன்றைக்கும் கேம்களில் ஓடிக்கொண்டிருக்கிறது: பளபளப்பில்லாத ஒரு பரப்பின் மேல் சுற்றிலும் இருந்து விழும் வெளிச்சம் முழுவதையும், நிறத்துக்கு ஒன்பது எண்களை மட்டும் வைத்துக்கொண்டு கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமல் கணக்கிட்டுவிடலாம் என்று காட்டினார்கள். இப்படிப்பட்ட ஆள் அடிப்படைப் பாடம் எடுக்கும்போது எது முக்கியம், எதை விட்டுவிடலாம் என்பது பாடத்திலேயே தெரிகிறது. வளவளவென்று இழுக்க மாட்டார். வேகமாகப் பேசுவார், அதனால் நம்மூர்ப் பிள்ளைகள் முதலில் சப்டைட்டிலைப் போட்டு முக்கால் வேகத்தில் கேட்பது நல்லது, போகப்போகப் பழகிவிடும்.

வீடியோக்களைவிட அசைன்மென்ட்கள்தான் இந்தக் கோர்ஸின் உயிர். முதலாவது, சைபர் நம்பர் போட்டது, உங்கள் கம்ப்யூட்டரில் ஓப்பன்ஜிஎல் (கிராஃபிக்ஸ் சிப்பை வரைய வைக்கும் கட்டளைத் தொகுப்பு) புரோகிராம் ஒன்றை கம்பைல் செய்து ஸ்கிரீன்ஷாட் அனுப்புவது மட்டுமே. அடுத்த, ஒன்றாம் நம்பர் அசைன்மென்ட்டில் ஒரு டீப்பாட்டைச் சுற்றிக் கேமராவை நகர்த்த வேண்டும். யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் 1975-இல் அளந்து உருவாக்கிய, கிராஃபிக்ஸ் சோதனைகளில் வழக்கமாக வரும் அதே டீப்பாட். நீங்கள் எழுத வேண்டியது மூன்றே ஃபங்ஷன்: இடப்பக்கம் திரும்புவது, மேலே போவது, கேமரா பார்க்கும் திசையை மேட்ரிக்ஸாக்கும் லுக்அட். சின்ன வேலை மாதிரி இருக்கும், உட்கார்ந்தால்தான் தெரியும். கணக்குக்காகப் பயன்படுத்தும் ஜிஎல்எம் லைப்ரரி மேட்ரிக்ஸை நெடுவரிசை நெடுவரிசையாக வைத்திருக்கும், நாம் புத்தகத்தில் நிரை நிரையாக எழுதிப் பழகியவர்கள். அதை அப்படியே போட்டால் மேட்ரிக்ஸ் நிரைநிரல் மாறிப்போய் டீப்பாட் எதிர்த் திசையில் சுற்றும். ஏன் சரியாக எதிர்த் திசையில் என்று யோசித்தால்தான் சுழற்சி அணியின் நிரைநிரல் மாற்றும் அதன் நேர்மாறும் ஒன்றே என்பது மண்டையில் ஏறும். தேர்வுக்காக அந்த வரியை எத்தனை தரம் மனப்பாடம் செய்தாலும் இப்படி ஒட்டாது.

கணக்குக்குப் பயந்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இங்கே வேண்டிய கணக்கில் பெரும்பகுதி நம் பிளஸ் டூ புத்தகத்திலேயே இருக்கிறது, அணிகள் பாடமும் வெக்டர் இயற்கணிதப் பாடமும்தான். புள்ளிப் பெருக்கம் ஒரு பரப்பு எவ்வளவு வெளிச்சமாகத் தெரியும் என்று சொல்கிறது, குறுக்குப் பெருக்கம் கேமராவுக்கு வலப்பக்கம் எது என்று சொல்கிறது. நுழைவுத் தேர்வு அவசரத்தில் ஃபார்முலாவாக விழுங்கிய விஷயங்கள் இங்கே ஒவ்வொன்றாக வேலைக்கு வருகின்றன. பிளஸ் டூ புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம் அந்த இமேஜ் கிரேடர். உங்கள் புரோகிராம் உருவாக்கிய படங்களை ஏற்றினால் அவர்களுடைய படத்தோடு ஒப்பிட்டு, உங்களுடையது, அவர்களுடையது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்று காட்டிவிடும். வித்தியாசப் படம் முழுக்கக் கறுப்பாக வந்தால் சரி. ஓர் ஓரத்தில் மட்டும் வெள்ளைக் கோடு தெரிந்தால் எங்கே பிசகியது என்று நீங்களே துப்புத் துலக்கலாம். ரெகார்டு நோட்டுக் கையெழுத்துக்காக மேஜை முன்னால் வரிசையில் நின்ற எனக்கு இது பெரிய விடுதலையாக இருந்தது. இந்தத் திருத்தல் முறை ஒன்றுக்காகவே கோர்ஸைப் பரிந்துரைப்பேன்.

இரண்டாவது அசைன்மென்ட் ஷேடர் (பிக்சலின் நிறத்தைக் கணக்கிட்டு கிராஃபிக்ஸ் சிப்பில் ஓடும் சின்ன புரோகிராம்) எழுதி ஒரு காட்சிக்கு விளக்குப் போடுவது. ஓப்பன்ஜிஎல் முன்பே ஓரளவு தெரிந்தவர்கள் வேகமாகத் தாண்டிவிடுவார்கள்.

மூன்றாவதுதான் விஷயமே. ரே டிரேசர். ஓப்பன்ஜிஎல் கிடையாது, தயார் கோடு கிடையாது, காலி ஃபைலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். பெல் லேப்ஸில் டர்னர் விட்டெட் 1980-இல் பிரசுரித்த முறைதான் அடிப்படை: கண்ணிலிருந்து ஒவ்வொரு பிக்சல் வழியாகவும் ஒரு கதிரை அனுப்பு, அது எதில் மோதுகிறது என்று பார், மோதிய இடத்திலிருந்து விளக்கை நோக்கி இன்னொரு கதிரை அனுப்பு, நடுவில் ஏதாவது மறித்தால் அங்கே நிழல், பரப்பு கண்ணாடி போல இருந்தால் பிரதிபலிக்கும் திசையில் மறுபடி ஒரு கதிர். கதிரும் உருண்டையும் சந்திக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க ஓர் இருபடிச் சமன்பாடு போதும். பத்தாம் வகுப்பில் தன்மைக்காட்டி என்று படித்தோமே, அது குறை எண்ணாக வந்தால் கதிர் உருண்டையைத் தொடாமல் போய்விட்டது என்று அர்த்தம். மூலங்கள் மெய்யா இல்லையா என்று எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கிய கணக்கு, இங்கே ஒரு பந்தின் விளிம்பை வரைந்து கொடுக்கிறது. முதல் தடவை அந்த விளிம்பு கோணல் இல்லாமல் வட்டமாக வந்து நிற்கும்போது உண்டாகும் சந்தோஷம் தனி.

நிழல் போட்டதும் எல்லோருக்கும் ஒரு பிரச்சினை வரும். பரப்பு முழுக்கக் கறுப்புப் புள்ளிகள் சொரி பிடித்தது போல அப்பியிருக்கும். ஃபார்முலா எல்லாம் சரியாகத்தான் இருக்கும். கம்ப்யூட்டரின் தசமக் கணக்கில் நுண்ணிய பிசகு இருப்பதால் மோதிய புள்ளி பரப்புக்கு ஒரு துளி உள்ளே போயிருக்கும், அங்கிருந்து விளக்கை நோக்கிக் கிளம்பும் கதிர் தன் சொந்தப் பரப்பிலேயே முட்டிக்கொண்டு, நிழல் என்று பதில் சொல்லிவிடும். கதிரின் தொடக்கத்தை ஒரு மயிரிழை வெளியே தள்ளினால் போதும், சுத்தமாகிவிடும். எவ்வளவு தள்ளுவது என்பதில்தான் அனுபவம் இருக்கிறது, அதிகம் தள்ளினால் பொருளுக்கும் அதன் நிழலுக்கும் நடுவில் இடைவெளி விழுந்து பொருள் மிதப்பது போலத் தெரியும். இந்த மாதிரி விஷயத்தை எந்தத் தேர்வும் கேட்பதில்லை, வேலையில் இருப்பவர்கள் தினமும் மோதுவது இதோடுதான்.

கடைசியில் ஸ்டான்ஃபோர்டு டிராகன், சோதனைக்குப் பலரும் எடுக்கும் முப்பரிமாண டிராகன் உருவம். அதுவரை உருண்டைகளும் பெட்டிகளுமாக இருந்த காட்சி இங்கே முக்கோணக் குவியலாக மாறும். 640-க்கு 480 படம் என்றால் 3,07,200 பிக்சல், ஒரு லட்சம் முக்கோணம் என்று வைத்துக்கொண்டால் முதல் கதிர்களுக்கு மட்டுமே 3,072 கோடி மோதல் சோதனை. நிழல், பிரதிபலிப்புக் கதிர்களை இன்னும் சேர்க்கவில்லை. இரவு ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். அல்லது முக்கோணங்களைப் பெட்டிக்குள் பெட்டியாக மரம் போல அடுக்கி, வெளிப்பெட்டியையே தொடாத கதிருக்கு உள்ளே இருக்கும் எதையும் சோதிக்காமல் விட்டுவிடலாம். டேட்டா ஸ்ட்ரக்சர் பேப்பரில் மரம் மரமாகப் படித்தோமே, எதற்கு என்று தெரியாமல், இதற்குத்தான். அதைச் சேர்த்து ஓட்டினால் அதே டிராகன், காபி ஆறுவதற்குள் திரையில் வந்துவிடுகிறது.

குறைகள் இருக்கின்றன. ஓப்பன்ஜிஎல் பகுதி பழசாகிவிட்டது. ஆப்பிள் 2018-லேயே ஓப்பன்ஜிஎல்லை ஒதுக்கிவிட்டது, வல்கன் என்ற புதிய கட்டளைத் தொகுப்பு 2016-இல் வந்து கேம் உலகம் நெடுந்தூரம் போய்விட்டது, ஆகவே இங்கே கற்ற ஓப்பன்ஜிஎல் கட்டளைகளை அப்படியே வேலையில் போடலாம் என்று நினைக்க வேண்டாம். கருத்துகள் மாறவில்லை, கட்டளைகள்தான் மாறின. விண்டோஸில் லைப்ரரிகளை ஒன்றோடொன்று இணைத்து முதல் அசைன்மென்ட்டை ஓடவைப்பதே பலரை விரட்டிவிடும், அந்த இடத்தில் விட்டுவிடாதீர்கள், உபுண்டு லினக்ஸில் ஃப்ரீகிளட், க்ளூ, ஃப்ரீஇமேஜ் என்ற மூன்று லைப்ரரிகளையும் ஏப்ட் (மென்பொருள் நிறுவும் கட்டளை) மூலம் போட்டால் வேலை சுலபம். பாடத்தில் அனிமேஷன் இல்லை, துணி, தண்ணீர் போன்றவற்றின் அசைவு இல்லை. இன்றைய சினிமா ரெண்டரிங்குக்கு அடித்தளமான, ஜேம்ஸ் கஜியா 1986-இல் எழுதிய ரெண்டரிங் சமன்பாட்டை வைத்துப் பாத் டிரேசர் (வெளிச்சம் பல பரப்புகளில் தெறிப்பதையும் கணக்கிடும் ரே டிரேசர்) எழுதும் வேலையும் இதில் வராது. ஒரு கோர்ஸில் இவ்வளவுதான் முடியும், சரி, ஆனால் இதை முடித்ததும் கிராஃபிக்ஸ் தெரிந்துவிட்டது என்று நிறுத்திவிடக் கூடாது.

காசு விஷயம்: நான் எடுத்தபோது பாடம் இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால்தான் பணம். சான்றிதழுக்குச் செலவழிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இன்டர்வியூவில் சான்றிதழை ஒருவரும் கேட்கவில்லை, டிராகன் படத்தைக் காட்டியதும் அந்த மரத்தை எப்படிப் பிரித்தாய், ஏன் அந்த இடத்தில் வெட்டினாய் என்றுதான் பேச்சு போனது. இன்னொன்று, அசைன்மென்ட் கோடை கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிடாதீர்கள், கோர்ஸின் நேர்மை விதி அதை அனுமதிப்பதில்லை. படங்களை மட்டும் போடுங்கள், கோடை நேரில் காட்டுங்கள்.

வேறு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் சுகேந்து தாஸின் என்பிடிஇஎல் (ஐஐடிகளின் ஆன்லைன் பாடத் திட்டம்) வகுப்புகள் செமஸ்டர் தேர்வுக்கு மிகவும் பொருந்தும், சிலபஸில் இருக்கும் அல்காரிதங்களைப் பொறுமையாகப் போர்டில் எழுதுவது போல விளக்குவார். யூட்டா பல்கலைக்கழகத்தின் ஜெம் யுக்செல் தன் இளங்கலை வகுப்பு முழுவதையும் யூடியூபில் போட்டிருக்கிறார், பிரவுசரிலேயே வெப்ஜிஎல் வைத்துச் செய்வதால் லைப்ரரித் தலைவலி கிடையாது, விளக்கமும் தெளிவும் அபாரம். ஷேடிங் முறைகளுக்குப் பெயர் தந்த கூரோ, ஃபோங், முன்பு சொன்ன கேட்மல் எல்லோரும் 1970-களில் மாணவர்களாக இருந்த அதே யூட்டா. சிஎஸ்இ 167எக்ஸ் அசைன்மென்ட்களை சி++-இல்தான் எழுத வேண்டும், அது இன்னும் கைக்கு வராதவர்கள் யுக்செலில் ஆரம்பித்துவிட்டு இதற்கு வாருங்கள், வரிசை அப்படி இருந்தால் சிரமம் குறையும்.

மொத்தத்தில் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அரை மதிப்பெண் அந்தப் பழைய ஓப்பன்ஜிஎல்லுக்காகக் குறைத்தேன். நாலாவது செமஸ்டர் முடிந்து வரும் லீவு இதற்குத் தோதான நேரம், டேட்டா ஸ்ட்ரக்சர் முடிந்திருக்கும், பிளேஸ்மென்ட் கெடுபிடி ஆரம்பித்திருக்காது. விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கித் தரச் சொல்லி வீட்டில் கேட்க வேண்டாம், ரே டிரேசர் முழுக்க முழுக்கப் பிராசஸரிலேயே ஓடுகிறது, முதல் இரண்டு அசைன்மென்ட்டுக்குச் சாதாரண லேப்டாப்பில் இருக்கும் இன்டெல் சிப்பே தாராளம்.