ஜூஸில் ஈஸ்ட்: தட்டில் வளர்ப்பதா, ஒளியில் பார்ப்பதா?

ஆப்பிள் ஜூஸ் பாட்டிலைத் திறந்ததும் புஸ்ஸென்று வாயு வெளியேறி, லேசாகக் கள் வாடை அடித்தால் ஈஸ்ட் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அதிலும் சைகோசாக்கரோமைசஸ் பெய்லி என்ற ஈஸ்ட் வகை பொல்லாதது. கெடாமல் காக்கச் சேர்க்கும் சோர்பேட், பென்சோயேட் போட்டாலும் அசராது.

வழக்கமான சோதனை அகார் தட்டு, அதாவது நுண்ணுயிர் வளரச் சத்துள்ள கூழ் ஊற்றிய தட்டு. ஜூஸைப் பரப்பி, 25 டிகிரி செல்சியஸில் வைத்து, வெண்ணெய்ப் பொட்டு போன்ற காலனிகளை எண்ணுவார்கள். செலவு குறைவு, உயிருள்ள செல் மட்டுமே வளரும். ஆனால் 3 முதல் 5 நாள் ஆகும். அதற்குள் சரக்கு கடைக்கே போய்விடலாம்!

இன்னொரு வழி, அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி எது உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கும் நிறமாலைமானி. சில நிமிடங்களில் வரைபடம் தந்துவிடும். செல்லின் புரதம், கொழுப்பு, சுவர்ச் சர்க்கரைகள் ஒவ்வொன்றும் தனித்தனி அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும். சிக்கலே இங்குதான். ஈஸ்ட் சுவரின் சர்க்கரைகள் (பாலிசாக்கரைடு) தெரியும் 900–1200 செ.மீ⁻¹ பகுதியிலேயே (அலைநீளத்தைக் குறிக்கும் இன்னொரு அளவு, ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலை என்பது) ஜூஸின் சர்க்கரையும் வந்து உட்காரும். வரைபடத்தில் புரதம் காட்டும் பட்டையைத் தண்ணீர் மறைக்கும். எனவே செல்களை வடிகட்டி, கழுவி, உலர்த்த வேண்டும். தெளிந்த ஆப்பிள் ஜூஸில் இது நடக்கும். மாம்பழக் கூழில் வடிதாள் உடனே அடைத்துக்கொள்ளும். செத்த செல்லும் வரைபடத்தில் தெரியும். ஒன்றிரண்டு செல் இருந்தால் கருவிக்கு எட்டாது.

என் கைக்காசு என்றால், சரக்கை அனுப்பும் முடிவுக்குத் தட்டையே நம்புவேன். தட்டில் முளைத்தது எந்த ஈஸ்ட் என்று கண்டுபிடிக்க மட்டும் அகச்சிவப்பு.