132 நாள் நின்ற கார், நிற்காமல் போன வாடகை

மூன்று வருட லீஸில் ஒரு ஹைப்ரிட் கார் (பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்தது) எடுத்தேன். அதில் 132 நாள் கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. அந்த நாட்களில் மாத வாடகை மட்டும் ஐந்து முறை, தேதி தவறாமல், என் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்விட்டது. காரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நான் கொடுக்கும் நட்சத்திரமெல்லாம் லீஸ் நிறுவனத்தின் சேவைக்குத்தான்: ஐந்துக்கு இரண்டு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கார் சொன்ன நாளில் வந்தது. 36 மாதம், வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர், சர்வீஸும் பராமரிப்பும் வாடகையிலேயே அடக்கம். 'டயர் தேய்ந்தாலும் எங்கள் செலவு சார்' என்றார் விற்பனைப் பிரிவில் இருந்தவர். ஒப்பந்தம் 19 பக்கம். கணக்கு எழுதும் வேலையில் இருப்பவன் நான். ஊரார் காகிதத்தை எல்லாம் வரி வரியாகப் பார்ப்பேன். இந்த 19 பக்கத்தை மட்டும் கார் படுத்த பிறகுதான் படித்தேன். சிரிக்க வேண்டாம், நீங்களும் படித்திருக்க மாட்டீர்கள்.

எட்டாவது மாதம் ஏசி சரியாகக் குளிரவில்லை. லீஸ் நிறுவனம் கைகாட்டிய ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். அரை நாளில் கேஸ் நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். நன்றாகத்தான் குளிர்ந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு சிக்னலில் நிற்கும்போது டேஷ்போர்டில் சிவப்பு முக்கோணம். கீழே 'ஹைப்ரிட் சிஸ்டத்தைச் சரிபார்க்கவும்' என்று ஒரு வரி. ஓரம் கட்டி அணைத்துவிட்டு மறுபடி பட்டனை அழுத்தினால் 'ரெடி' விளக்கு எரியவே இல்லை. இழுவை வண்டி 50 நிமிடத்தில் வந்தது. இரண்டு நட்சத்திரத்தில் ஒன்று அதற்குத்தான்.

ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரைச் செருகியதும் வந்த பழுதுக் குறியீடு பி0ஏஏ6. ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பெரிய பேட்டரியின் உயர் மின்னழுத்தம் காரின் உடம்போடு எங்கும் ஒட்டாமல் தனியாக இருக்க வேண்டும். எங்கோ கசிகிறது என்று தெரிந்தால் கார் தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும். கசிவு பேட்டரியில் இருக்கலாம், இன்வெர்ட்டரில் இருக்கலாம், மோட்டாரில் இருக்கலாம், ஏசி கம்ப்ரசரிலும் இருக்கலாம், ஏனென்றால் ஹைப்ரிட்டில் அந்தக் கம்ப்ரசரும் உயர் மின்னழுத்தத்தில்தான் ஓடுகிறது. இதில் எது என்று ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்து பார்க்க வேண்டும். அவர்கள் அளக்கவில்லை. 'பேட்டரிதான் சார்' என்று முடிவு கட்டி ஆர்டர் போட்டுவிட்டார்கள். பேட்டரி ஸ்டாக் இல்லை. ஒன்பது வாரம் ஆனது.

மாற்றுக் கார் கொடுத்தார்கள். எட்டாம் நாள் காலையில் போன்: வண்டியைத் திருப்பி விடுங்கள், ஒப்பந்தத்தின் 11ஆம் பக்கத்தில் ஏழு நாள் என்றுதான் இருக்கிறது. இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. அன்றிலிருந்து பஸ், டாக்சி, பக்கத்து வீட்டுக்காரரின் இரக்கம். அம்மா மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் போனில் கேட்பார்: 'அந்தக் காசுக்குச் சொந்தமா ஒரு பழைய வண்டி வாங்கியிருக்கலாமேப்பா?' பதில் இல்லை.

இந்த ஒன்பது வாரமும் நான் செய்த பெரிய தப்பு, ஒர்க்‌ஷாப்பையே துரத்தியது. அவர்களைக் கேட்டால் 'பார்ட்ஸ் வரவில்லை, கார் கம்பெனியைக் கேளுங்கள்' என்றார்கள். கார் கம்பெனியைக் கேட்டால் 'வண்டி உங்கள் பெயரில் இல்லையே, உரிமையாளர் பேசட்டும்' என்றார்கள். உரிமையாளரான லீஸ் நிறுவனமோ 'ஒர்க்‌ஷாப்பில் கேட்டுச் சொல்கிறோம்' என்றது. மூன்றாவது சுற்றில்தான் எனக்கு உறைத்தது. ஒர்க்‌ஷாப்புக்கு நான் வாடிக்கையாளரே இல்லை. வண்டி லீஸ் நிறுவனத்துடையது, ஒர்க்‌ஷாப்பை அமர்த்தியது அது, பில் போவதும் அதற்கு. எனக்குக் கடமைப்பட்டவர் என் வாடகையை வாங்குகிற ஒருவர்தான். அன்றோடு மற்ற இருவருக்கும் போன் செய்வதை நிறுத்திவிட்டேன். லீஸ் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு மட்டும், எழுத்தில் மட்டும், வாரம் ஒரு மின்னஞ்சல்.

வாடகையை நிறுத்திவிடலாமா என்று கை துறுதுறுத்தது. மனைவிதான் தடுத்தாள். அவள் சொன்னது சரி. பெரும்பாலான லீஸ் ஒப்பந்தங்களில் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வாடகை கட்ட வேண்டும் என்றே எழுதியிருப்பார்கள். நிறுத்தினால் நாம் தவணை தவறியவராகிவிடுவோம், கடன் மதிப்பெண் கெடும், பேச்சு முழுக்க அவர்கள் பக்கம் திரும்பிவிடும். அதனால் ஒவ்வொரு மாதமும் பணம் போன அன்றே ஒரு வரி அனுப்பினேன்: 'கார் என் பயன்பாட்டில் இல்லாத காலத்துக்கான இந்த வாடகையை ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், திரும்பக் கேட்கும் உரிமையை விட்டுத்தரவில்லை.' முதல் மாதம் மறந்துபோனேன். அது பின்னால் கொஞ்சம் கடித்தது.

சரி, பேட்டரி வந்தது, மாட்டினார்கள், 'ரெடி' எரிந்தது. ஏசியைப் போட்டார்கள். அதே சிவப்பு முக்கோணம், அதே குறியீடு.

அதற்கப்புறம்தான் வேறு கிளையிலிருந்து ஒரு மின் டெக்னீஷியனை வரவழைத்தார்கள். அவர் வேலை செய்வதைப் பார்க்க என்னை அனுமதித்தார், கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நின்று. தடித்த ரப்பர் கையுறை போட்டுக்கொண்டார், பேட்டரியின் சர்வீஸ் பிளக்கை உருவினார், பிறகு பத்து நிமிடம் எதையும் தொடாமல் கைகட்டி நின்றார். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிய வேண்டுமாம். அப்புறம் மின்காப்பை அளக்கும் மெக்கர் கருவியின் ஒரு முனையைக் காரின் உடம்பிலும் மறு முனையை ஆரஞ்சு நிற ஒயரிலும் வைத்தார். எண் மிகக் குறைவாக நின்றது. கம்ப்ரசருக்குப் போகும் ஆரஞ்சு ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி வைத்தார். எண் எகிறியது, அதாவது கசிவு கம்ப்ரசரில்தான். மொத்தம் அரை மணி நேரம் இருக்கும். என்னைத் திரும்பிப் பார்த்து, 'இதுக்கு முன்னாடி ஏசியில யாராவது கை வெச்சாங்களா?' என்றார்.

பானெட்டைத் தூக்கினால் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. கம்ப்ரசருக்கு பிஓஇ ரக எண்ணெய் மட்டும் என்று போட்டிருக்கிறது. சாதாரணக் கார்களின் ஏசியில் போடுவது பிஏஜி எண்ணெய். அது மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தாது. ஹைப்ரிட் கம்ப்ரசருக்குள் கொஞ்சம் போனாலும் மின்காப்பு கெட்டுவிடும். நான் டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வைத்திருந்த பழைய ஜாப் கார்டை, கேஸ் நிரப்பிய அன்று செய்த வேலையை எழுதிக் கொடுத்த தாளை, எடுத்தேன். மூன்றாவது வரியில் எழுதியிருந்தது: 'பிஏஜி 46.' லீஸ் நிறுவனம் அனுப்பிய ஒர்க்‌ஷாப், அவர்கள் பராமரிப்புத் திட்டம், அவர்கள் கையெழுத்து. கேட்டு வாங்காவிட்டால் அந்தக் காகிதம் என்னிடம் இருந்திருக்காது. அன்று பில் தொகை பூஜ்யம் என்பதால் 'எதுக்கு சார் பேப்பர்?' என்றுதான் சொன்னார்கள்.

நடுவில் சட்டத்தையும் கொஞ்சம் புரட்டினேன். இதைப் படிப்பவர்கள் எங்கெங்கோ இருப்பீர்கள், அதனால் சுருக்கமாக. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் வாடகைக்கு எடுத்த பொருளையும் சேர்த்தே பேசுகிறது: பழுதை நியாயமான காலத்துக்குள், பெரிய தொந்தரவு தராமல் சரிசெய்ய வேண்டும், ஒரு முறை சரிசெய்தும் தீரவில்லை என்றால் விலைக்குறைப்பு கேட்கலாம், பொருளையே நிராகரிக்கலாம். கலிஃபோர்னியாவின் பழுதுக் கார் சட்டத்தில் லீஸ் காரும் அடக்கம். முதல் 18 மாதம் அல்லது 18,000 மைலுக்குள் உத்தரவாதப் பழுதுகளுக்காக மொத்தம் 30 நாளுக்கு மேல் நின்றாலே, சரிசெய்யப் போதிய வாய்ப்பு கொடுத்தாயிற்று என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு. இரண்டு வருடத்துக்குள், நாம் வசிக்கும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்துப் புகார் பதியலாம். எங்கேயும் ஒரு சிக்கல் உண்டு: லீஸை உங்கள் சொந்தக் கம்பெனி பெயரில், தொழிலுக்காக எடுத்ததாக இருந்தால் நுகர்வோர் என்ற குடையே பெரும்பாலும் கிடைக்காது. வரி மிச்சமாகும் என்று அப்படி எடுப்பவர்கள் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

புகார்ப் பிரிவின் முதல் சமரசம் தேன் தடவியது போல வந்தது: கார் நின்ற நாட்களை லீஸின் கடைசியில் இலவசமாகச் சேர்த்துத் தருகிறோம். மனைவிக்கு இது நியாயமாகவே பட்டது. எனக்கும் ஒரு நிமிடம் பட்டது. பிறகு காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். காரின் உத்தரவாதம் 36 மாதம், லீஸும் 36 மாதம். சேர்த்துத் தரும் நான்கு மாதமும் உத்தரவாதம் முடிந்த காரில் ஓடும், பராமரிப்புத் திட்டமும் அதற்கு நீளாது. கார் தேவைப்பட்டபோது இல்லை, தேவையே இல்லாத காலத்தில் நம் தலையில் ஒரு பழைய வண்டி. வேண்டாம் என்று எழுதினேன்.

இரண்டாவது, அரை மாத வாடகை 'நல்லெண்ணத் தொகை'. கூடவே ஒரு படிவம், அதன் அடியில் பொடி எழுத்தில் 'இத்துடன் எல்லாக் கோரிக்கைகளும் முடிவுக்கு வருகின்றன'. கையெழுத்துப் போடவில்லை.

மூன்றாவது முறை நானே கணக்குப் போட்டு அனுப்பினேன். 132 நாளில் மாற்றுக் கார் இருந்த 7 நாள் போக, 125 நாள் வாடகை. ரசீது உள்ள டாக்சி செலவு. ஓடாத காருக்குக் கட்டிய இன்சூரன்ஸ். கூடவே ஸ்டிக்கரின் படம், ஜாப் கார்டின் படம், மெக்கர் காட்டிய இரண்டு எண்கள், என் மின்னஞ்சல்கள் தேதி வாரியாக. பதினான்கு நாள் அவகாசம், அதன் பிறகு வெளியே முறையிடுவேன் என்று ஒரு வரி. கோபமாக ஒரு வார்த்தை கூட இல்லை. எழுதியிருந்தேன், மனைவி அடித்துவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. 125 நாளில் 30 நாளுக்கு 'நீங்கள் அப்போது ஆட்சேபம் தெரிவிக்கவில்லையே' என்று இழுத்தார்கள். அதுதான் நான் மறந்துபோன முதல் மாதம். ஒர்க்‌ஷாப் கார்டில் கார் உள்ளே போன தேதி இருக்கிறது, ஆட்சேபம் சொன்னால்தான் கார் நிற்குமா என்று கேட்டேன். கொடுத்துவிட்டார்கள். டாக்சியில் ரசீது இருந்தது மட்டும் வந்தது. இன்சூரன்ஸ் வரவில்லை, நானும் விட்டுவிட்டேன். இரண்டாவது நட்சத்திரம் இந்தப் பதிலைக் கையாண்ட பெண்மணிக்கு. அவர் ஒருவர்தான் இணைத்த காகிதங்களைத் திறந்து படித்திருந்தார்.

கம்ப்ரசரையும் குழாய்களையும் மாற்றி வண்டியைக் கொடுத்தார்கள். நான்கு மாதத்துக்கு மேல் நின்றதில் பிரேக் டிஸ்க் துருவேறிக் கிடந்தது, சிறிய பேட்டரி செத்துப்போயிருந்தது, டயர் ஒரே பக்கம் அழுந்தி முதல் சில நாள் ஸ்டீயரிங் நடுங்கியது. சாவி வாங்கும் முன்பே இதையெல்லாம் டெலிவரி தாளில் எழுத வைத்தேன். லீஸ் முடிந்து திருப்பிக் கொடுக்கும்போது என் தலையில் கட்டிவிடக் கூடாது பாருங்கள்.

இப்போது நன்றாக ஓடுகிறது, நன்றாகக் குளிர்கிறது. போன வாரம் 'உங்கள் காருக்கு ஏசி பரிசோதனை நேரம்' என்று அதே நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. பானெட் ஸ்டிக்கரைப் படமெடுத்து இணைத்து, எந்த எண்ணெய் போடுவீர்கள் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.