ரோஜாவுக்கு ஏற்ற துணை: அம்பர்கிரிஸா, ஊத்தா?

ரோஜா என்றால் மென்மையாகத்தான் இருக்க வேண்டுமா என்ன? அறைக்குள் நுழைந்ததுமே தெரிகிற மாதிரி ஒரு ரோஜா சென்ட் தேடினேன். கடைசியில் என்னிடம் இரண்டு குப்பிகள் மிஞ்சின. ஒன்றில் ரோஜாவோடு அம்பர்கிரிஸ், அதாவது திமிங்கலத்திடமிருந்து கிடைக்கும் மீனம்பரின் வாசனை. மற்றதில் ரோஜாவோடு ஊத், அதாவது அகில். மூன்று வாரம் இடது மணிக்கட்டில் ஒன்றும் வலதில் மற்றதுமாக அடித்துப் பார்த்துவிட்டு அம்பர்கிரிஸை வைத்துக்கொண்டேன்.

முதல் அரை மணி நேரத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இரண்டிலும் ரோஜாதான் முன்னால் நிற்கும். ஊத் கொஞ்சம் புகையும் தோல் வாசனையுமாக வரும், கம்பீரமாகவே இருக்கும். பூஞ்சை தாக்கிய அகில் மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பிசினிலிருந்து வரும் மணம் அது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது ஆறாவது மணி நேரம். ரோஜா எண்ணெயில் அளவில் அதிகமாக இருக்கும் சிட்ரொனெல்லால், ஜெரானியால் போன்ற மணப்பொருள்கள் தோலில் அவ்வளவு நேரம் தங்குவதில்லை. அவை போன பிறகு துணையாக வந்த வாசனை என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. வலது மணிக்கட்டில் மரவாசனை மட்டும் மிஞ்சியது; ரோஜாவைத் தேட வேண்டியிருந்தது. இடதில் ரோஜா மெலிந்திருந்தது, ஆனால் போகவில்லை. லேசான உப்பு, வெயிலில் காய்ந்த தோலின் வெதுவெதுப்பு, அதற்குள் பூவின் இனிப்பு. மறுநாள் காலையில் கழற்றிப்போட்ட பருத்திச் சட்டையின் காலரை முகர்ந்தேன். மடிப்புக்குள் அதே ரோஜா.

அம்பர்கிரிஸுக்கு இந்தக் குணம் வந்த கதையும் சுவாரசியமானது. எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில், செரிக்காத கணவாய் அலகுகளைச் சுற்றி உருவாகும் பொருள் இது. புதிதாக இருக்கும்போது கருப்பாக, சாண நாற்றத்தோடு இருக்கும். கடலில் மிதந்து உப்பிலும் வெயிலிலும் காற்றிலும் பல வருடம் கிடந்தால்தான் வெளுத்து மணக்கத் தொடங்கும். அதிலுள்ள ஆம்ப்ரெயின் என்ற பொருளுக்குத் தனியாக வாசனை கிடையாது. அது ஆக்சிஜனோடு சேர்ந்து சிதையும்போது பிறப்பதுதான் மணம் தரும் ஆம்ப்ராக்சைடு. இன்றைய குப்பிகளில் பெரும்பாலும் இருப்பது, கிளாரி சேஜ் செடியிலிருந்து கிடைக்கும் ஸ்கிளாரியாலைக் கொண்டு செய்யும் ஆம்ப்ராக்சைடுதான். என்னுடையதும் அப்படித்தான். அசல் மீனம்பரை நான் முகர்ந்ததில்லை. அதனால் மேலே சொன்னதெல்லாம் ஆய்வகச் சரக்கைப் பற்றியது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று: குப்பியில் வெறுமனே ‘அம்பர்’ என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் வேறு சங்கதி. லேப்டனம் பிசின், சாம்பிராணி, வனிலா சேர்ந்த இனிப்புக் கலவை அது. அதில் கடல் உப்பின் சாயலே இருக்காது. வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்பர்கிரிஸ் பக்கம் ஒரு தொல்லை உண்டு. சிலருடைய மூக்குக்கு ஆம்ப்ராக்சைடு சரியாகப் பிடிபடாது. பிடிபடுபவர்களுக்கும் கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். மணம் போய்விட்டது என்று நினைத்து நானும் முதல் வாரம் மேலும் மேலும் அடித்தேன். பக்கத்தில் இருந்தவர் ஜன்னலைத் திறந்த பிறகுதான் புரிந்தது. இப்போது நெஞ்சில் ஒன்று, கழுத்தின் பின்னால் ஒன்று, அவ்வளவுதான்.

நான் சோதித்ததெல்லாம் வெயில் நாட்களில். குளிரில் ஊத் இன்னும் நன்றாக எடுபடலாம். அந்தக் குப்பியைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். அவன் தோலில் அதே ஊத் சாயங்காலம் வரை ரோஜாவை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.