அளவு சரி, மற்றதெல்லாம் தகராறு: ஒரு சுகர் மெஷின் அனுபவம்

அம்மாவுக்காக வாங்கிய சுகர் மெஷின் இது. பிராண்ட் பெயரைச் சொல்லப் போவதில்லை, இதே குறைகளைத் தெரிந்தவர்கள் வீட்டில் வேறு மெஷின்களிலும் பார்த்திருக்கிறேன்.

அளவைக் குறை சொல்ல முடியாது. லேபில் ரத்தம் கொடுத்த கையோடு விரலிலும் குத்திப் பார்த்தோம்: அங்கே 142, இதில் 151. சுகர் மெஷின்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 15197-ஏ (2013) 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கலாம் என்கிறது, அதனால் இது தாராளமாகத் தேறும்.

தகராறு, ரத்தத் துளியை வைத்து மெஷினில் சொருகும் ஸ்ட்ரிப் இருக்கிற டப்பாவிலேயே தொடங்குகிறது. உள்ளே அப்படி நெருக்கி அடைத்திருக்கிறார்கள், விரல் மரத்துப்போன அம்மாவால் ஒன்றை மட்டும் உருவ முடிவதில்லை, உள்ளங்கையில் கவிழ்த்தால் நாலைந்து விழுகிறது, கை கழுவிய ஈரத்தோடு அதையெல்லாம் திரும்ப உள்ளே போடுகிறார். ஈரம் பட்டால் ஸ்ட்ரிப் போச்சு. அப்புறம் எந்த முனையைச் சொருகுவது, எந்த முனையில் ரத்தம் வைப்பது என்று பார்த்தால் இரண்டும் சாம்பல் நிறம்! ரத்தம் போதவில்லை என்றால் 'Er4' என்று காட்டுகிறது, அதற்கு அர்த்தம் பார்க்கப் பொடி எழுத்து ஆங்கிலப் புத்தகத்தைத் தேட வேண்டும். சுகர் எக்கச்சக்கமாக ஏறினால் எண் வராது, 'HI' (High, அதாவது அதிகம்) என்று மட்டும் வரும், பாட்டி யாராவது பார்த்தால் மெஷின் வணக்கம் சொல்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பேட்டரி மாற்றினால் தேதியும் நேரமும் அழிந்து நள்ளிரவு 12-க்குப் போய்விடுகிறது, சரி செய்யச் சொல்லி மெஷின் ஒரு வார்த்தை கேட்பதில்லை. செயலியோ அந்தத் தப்பான நேரத்தோடு எல்லாவற்றையும் தானாகவே போனுக்கு அனுப்பிவிடும். காலை உணவுக்குப் பிறகு எடுத்த 210, விடியற்காலை வெறும் வயிற்றில் எடுத்ததாக வரைபடத்தில் நிற்கிறது. டாக்டர் அதைப் பார்த்து மாத்திரையைக் கூட்டலாமா என்று கேட்டபோதுதான் எங்களுக்கே விஷயம் புரிந்தது.

மருத்துவக் கருவிகளை எப்படிப்பட்ட கண்ணும் கையும் உள்ளவர்கள் பயன்படுத்துவார்கள் என்று ஆராய்ந்து, ஆட்களிடம் கொடுத்துச் சோதிக்க வேண்டும் என்று ஐஈசி 62366 என்றே ஒரு தரநிலை இருக்கிறது. மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2016-இல் வெளியிட்ட வழிகாட்டி, இறுதிச் சோதனைக்கு ஒவ்வொரு வகைப் பயனாளரிலும் குறைந்தது 15 பேரையாவது உட்கார வைக்கச் சொல்கிறது. இந்த டப்பாவைத் திறந்து பார்க்க எழுபது வயதுக்காரர் ஒருவரையாவது கூப்பிட்டார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், அதுவும் அளவுக்காக மட்டும். கண் தெளிவாக இருந்து நீங்களே பார்த்துக்கொள்வதென்றால் வாங்கலாம். பெற்றோருக்கு என்றால் அவர்களையே கடைக்கு அழைத்துப்போய், மாதிரி மெஷினில் ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்துச் சொருகச் சொல்லுங்கள், பேட்டரியைக் கழற்றி மாட்டித் தேதி நிற்கிறதா என்றும் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை.