பழைய பிஎஸ்4-க்கு இடம் போதவில்லை: டிஸ்க்கை உள்ளே மாற்றுவதா, வெளியே மாட்டுவதா?

சோமனூரில் இருக்கிற தங்கச்சி மகனின் பிஎஸ்4-இல் (சோனியின் பிளேஸ்டேஷன் 4 கேம் கன்சோல்) 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். சிஸ்டம் எடுத்தது போக கேம்களுக்கு மிஞ்சுவது 400 ஜிபி சொச்சம். நாலைந்து பெரிய கேம் போட்டால் நிறைந்துவிடும். புதுசு ஒன்றை இறக்க, பழசு ஒன்றை அழித்துக்கொண்டிருந்தான். காந்திபுரத்தில் ஒரு கடையில் விசாரித்தால், டிஸ்க் விலை தனி, மாட்டித்தர 1,500 ரூபாய் தனி என்றார்கள். அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம் என்று நாங்களே உட்கார்ந்தோம்.

சுலபமானது வெளியே மாட்டுவதுதான். 2017 மார்ச்சில் வந்த 4.50 மென்பொருள் முதல், 250 ஜிபியிலிருந்து 8 டிபி வரையிலான யூஎஸ்பி 3.0 டிஸ்க்கை பிஎஸ்4 ஏற்கிறது. செருகி ஃபார்மேட் செய்தால் போதும். இருக்கிற கேம்களை அப்படியே அதற்கு நகர்த்தலாம், மறுபடி டவுன்லோட் செய்ய வேண்டியதில்லை. நெட் மெதுவாக இருக்கிற வீட்டுக்கு இது பெரிய லாபம்.

ஆனால் சேவ் (கேமில் எதுவரை ஆடினோம் என்ற பதிவு) எல்லாம் உள்ளே இருக்கிற பழைய டிஸ்க்கிலேயே தங்கிவிடும். பிஎஸ்4 வந்தது 2013-இல். இத்தனை வருஷம் சுழன்ற டிஸ்க் என்றைக்காவது ஒருநாள் நிற்கத்தான் போகிறது. வெளியே எவ்வளவு பெரிய டிஸ்க் மாட்டினாலும் அன்றைக்கு அது கைகொடுக்காது. கரண்ட் பட்டென்று போகும்போதும், கேபிளை யாராவது இழுத்துவிடும்போதும் வெளி டிஸ்க்குக்கும் ஆபத்து. அதனால் என் ஓட்டு உள்ளே மாற்றுவதற்குத்தான்.

"மாமா, இதையெல்லாம் நாமளே கழட்டலாமுங்களா?" என்று பயந்தான். டிஸ்க்கை மாற்றும் முறையை சோனியே வெளியிட்டிருக்கிறது. முதல் மாடலில் மேல்மூடியின் ஒரு பகுதி தள்ளினால் கழன்று வரும். பின்னால் வந்த மெலிந்த ஸ்லிம் மாடலில் பின்பக்க மூலையில் சின்ன மூடி. முக்கோணம், வட்டம், பெருக்கல், சதுரம் பொறித்த ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் டிஸ்க் தன் சட்டத்தோடு வெளியே வரும். சட்டத்தில் இன்னும் நாலு ஸ்க்ரூ. எங்கள் பக்கம் தறி ஓடுகிற ஊர். மூடியைத் திறந்ததும் பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருந்தது. பெயின்ட் பிரஷால் துடைக்கவே கால் மணி நேரம் ஆயிற்று.

கழற்றி மாட்டுவதைவிட அதற்கு முந்தின வேலைதான் முக்கியம். முதலில் சேவ்களை பென்டிரைவில் நகல் எடுக்க வேண்டும். சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றும் முழுக் கோப்பை சோனி தளத்திலிருந்து இறக்கி, பென்டிரைவில் அவர்கள் சொன்ன பெயரிலேயே ஃபோல்டர் போட்டு வைக்க வேண்டும். சாதாரண அப்டேட் கோப்பு இதற்கு ஆகாது. நிறையப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். மாட்டியபின் பவர் பட்டனை இரண்டாவது பீப் கேட்கும் வரை அழுத்தி, கன்ட்ரோலரை கேபிளில் இணைத்து, திரையில் வரும் பட்டியலில் ஏழாவது தேர்வை (சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றுவது) கொடுக்க வேண்டும்.

எந்த டிஸ்க் வாங்குவது? 2.5 அங்குல சாட்டா (டிஸ்க்கை இணைக்கும் ஒரு முறை) டிஸ்க், 9.5 மி.மீ. தடிமனுக்குள். 4 டிபி ஹார்ட் டிஸ்க்குகள் 15 மி.மீ. இருப்பதால் உள்ளே நுழையாது. அதே காசுக்கு ஹார்ட் டிஸ்க்கில் இடம் கூடுதல்; சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் லோடிங் நேரம் குறைவு, சுழலும் பாகமும் கிடையாது. நாங்கள் 1 டிபி எஸ்எஸ்டி போட்டோம். பழைய பிஎஸ்4-இல் வேகம் குறைந்த சாட்டா 2 இணைப்பு மட்டுமே என்பதால், விலை உயர்ந்த எஸ்எஸ்டி வாங்கினால் அதன் முழு வேகமும் கிடைக்காது, நடுத்தரமானதே போதும். லேப்டாப்பிலிருந்து கழற்றிய டிஸ்க் வீட்டில் சும்மா கிடந்தால் அதுவும் பொருந்தும், ஆனால் அதுவும் உழைத்துத் தேய்ந்ததுதான்.

பிஎஸ்5 வைத்திருப்பவர்களுக்குக் கணக்கே வேறு: அதில் எம்.2 (சின்னப் பட்டை வடிவ) எஸ்எஸ்டிதான், அதுவும் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கோடு.

இரவு ஒன்பதரைக்கு சிஸ்டம் ஏறி முடிந்தது. பென்டிரைவிலிருந்து சேவ்களைத் திருப்பி ஏற்றி, ஒவ்வொரு கேமாக இறக்க இறக்க அவன் திறந்து பார்த்தான். கடைசிக் கேமும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும் வரை பழைய டிஸ்க் பீரோவுக்குள்ளேயே இருந்தது.